பிப்ரவரி முப்பதாம் தேதிக் கடிதம்

அத்தியாயம் 11

“உங்கப்பனை என் கடுதாசிக்குப் பதில் போடச் சொல்லு. அப்புறம் வர்றேன்.”

பூம்புகாரில் அமலோற்பவம் அத்தை சொன்ன அந்த ஒரு பேச்சு, நாலு நாளாக ஜாஸ்லினின் காதோரம் ஈயாகச் சுற்றிக்கொண்டிருந்தது. கொண்டுபோன கல்யாணப் பத்திரிகையை அத்தை தொடக்கூட இல்லை. பதினெட்டு வயது மகள் செம்மொழிதான் அம்மாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து கை நீட்டி வாங்கிக்கொண்டாள்; கூடவே ஜாஸ்லினின் போன் நம்பரையும். பஸ் ஸ்டாண்டுவரை வழியனுப்ப வந்தவள், வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தாள்.

“ஞானஸ்நானத்தப்ப எனக்குத் தகப்பன் ஸ்தானத்துல நின்ன ஞானத்தகப்பன் யாரு தெரியுமாக்கா? எங்க கோயில்ல மணி அடிக்கிறவரு. அன்னிக்கு வேற ஆளே கிடைக்கலையாம்!”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஜாஸ்லினும் சிரித்தாள்.

வீட்டுக்கு வந்து கடிதத்தைப் பற்றிக் கேட்டால், அப்பா குழந்தைராஜ் சாதத்தைப் பிசைந்தபடியே சொன்னார்: “கடுதாசியா? சபை மாறிக் கட்டிக்கிட்டுப் போனவ ஒரு வரி எழுதினதில்ல. திமிரு.”

அத்தை கட்டிக்கொண்டது லுத்தரன் சபையைச் சேர்ந்த ஒரு படகு மெக்கானிக்கை. இந்தக் குடும்பமோ தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கர்கள். சண்டை என்று பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. பேச்சு குறைந்தது; பிறகு நின்றது. அவ்வளவுதான்.

ஆனால் ஜாஸ்லினுக்கு இப்போது அத்தை வேண்டும். ஈஸ்டர் உயிர்ப்பு ஞாயிறு கழிந்த மறுவாரம் கல்யாணம். மணப்பெண்ணுக்கு முக்காடு போட்டு, கோயில் வாசல்வரை கைபிடித்துக் கூட்டிப்போவது அந்த வீட்டில் அத்தையின் உரிமை. அவளுக்கு இருப்பது ஒரே அத்தை. ஐந்து வயதுவரை தலை வாரிவிட்டு, சிக்கெடுக்கும்போது வலிக்காமலிருக்க முடியின் அடிவேரைத் தன் இன்னொரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் அத்தை. அந்தக் கைதான் முக்காடு போட வேண்டும்.

அப்படியானால் இரண்டு பேரில் யார் பொய் சொல்கிறார்கள்?

இந்தக் கேள்வியோடுதான் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அப்பாவின் ஸ்கூட்டரில் ஏறினாள். இரண்டு தொடைகளுக்கும் நடுவே கறுப்பு ரெக்சின் பெட்டி. அதற்குள் அப்பாவின் பதினாறு தாள்கள். இன்று மாயவரத்தில் தபால்தலை சேகரிப்போர் மன்றத்தின் ஆண்டுக் கண்காட்சி.

வழியெல்லாம் அறுவடை. தார் ரோட்டை மறைத்து நெல்லைக் காயப் போட்டிருந்தார்கள். அப்பா ஸ்கூட்டரைச் சத்தமில்லாமல் ஓரம் கட்டி ஓட்டினார். நெல் கொள்முதல் நிலையத்தில் முப்பது வருஷம் பட்டியல் எழுத்தராக இருந்தவர். நெல்மீது சக்கரம் ஏற்ற மாட்டார்.

“பெட்டியைச் சாய்ச்சுப் பிடிக்காத பாப்பா. உள்ள ஒண்ணு சரிஞ்சா போச்சு.”

ஜாஸ்லின் பெட்டியை நிமிர்த்திப் பிடித்தாள். அந்தப் பெட்டி அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்காது. சனிக்கிழமைதோறும் அம்மாவின் குண்டானில் பழைய உறைகளின் மூலைகள் ஊறும். பசை கரைந்து தண்ணீர் கொழகொழவென்றாகும். வெளிறிய காகிதத் துணுக்குகள் சாம்பாரில் செத்த பூச்சி மாதிரி மிதக்கும். அதில் விரல் விட்டு ஒவ்வொன்றாகத் தூக்கி, அம்மா கோயிலுக்குப் போடும் வெள்ளை முக்காட்டின்மேல் காயப் போடுவார் அப்பா. ஞாயிற்றுக்கிழமை பூசையில் நற்கருணை அப்பம் வாங்க வரிசையில் நிற்கும்போது அம்மாவின் தலையிலிருந்து புளித்த பசை வாடை வரும். அந்த வாடை நினைவுக்கு வந்தாலே ஜாஸ்லின் இன்றும் மூக்கைப் பொத்திக்கொள்வாள்.

மயூரநாதர் கோயில் பக்கத்துத் தெருவில் ஒரு பள்ளிக்கூடத்து ஹாலைப் பிடித்திருந்தார்கள். மன்றத்தில் மொத்தம் பதினொரு பேர். பத்துப் பேருக்குத் தலை நரைத்திருந்தது. பதினொன்றாவது ஆள் தஹ்மீனா. மருந்துக்கடை வைத்திருப்பவர், பறவைத் தபால்தலைகள் மட்டும் சேர்ப்பவர்.

“வாங்க குழந்தைராஜ்! வாம்மா கல்யாணப் பொண்ணு!” என்று எதிரே வந்தார் செயலாளர் அறிவுச்செல்வன். பேங்க்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். கழுத்தில் பூதக்கண்ணாடி தொங்கியது, தாலி மாதிரி. “திருச்சி நடுவர் மூணு மணிக்கு வர்றாரு. இந்த வருஷம் தங்கம் உங்களுக்குத்தான். ஒன்பதாவது தாள் ஒண்ணு போதும்.”

“அப்படியெல்லாம் சொல்லாதீங்க சார்,” என்றார் அப்பா. முகம் மட்டும் சொல்லுங்க சொல்லுங்க என்றது.

அப்பாவின் வரிசைக்குத் தலைப்பு: ‘பிழைகளும் அழகே.’ தலைகீழாக அச்சான படம், நிறம் மாறிப்போன தலை, ஓரத் துளை விழாத தாள். எல்லாம் அச்சகமும் அஞ்சலகமும் செய்த தப்புகள். பதினாறு தாள்களையும் சட்டத்தில் மாட்டிவிட்டு, இரண்டடி பின்னால் போய்த் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

“பாப்பா, ஒன்பது சரிஞ்சிருக்கு. நேராக்கு. கையால தொடாத. இடுக்கி எடுத்துக்க.”

வீட்டில் ஊறுகாய் ஜாடிக்குள் வெறும் கையை விடுகிற மனிதர். தபால்தலைக்கு மட்டும் இடுக்கி.

ஜாஸ்லின் ஒன்பதாம் தாளை வெளியே எடுத்தாள். முழுக்கக் கறுப்பு அட்டை. நடுவில் சின்னதாக ஒரு சன்னல் வெட்டி, அதன் வழியே ஒரு ஐந்து ரூபாய்த் தலையும் அதன்மேல் விழுந்த வட்ட முத்திரையும் மட்டும் தெரிந்தன. கீழே அப்பாவின் முத்துமுத்தான கையெழுத்து:

‘30 பிப்ரவரி 2007. நாட்காட்டியில் இல்லாத நாள். கடலோரக் கிளை அஞ்சலக முத்திரைப் பிழை. நிலை: பிரிக்கப்படாத உறை.’

பிப்ரவரி முப்பது. அவளுக்கே கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருந்தது. அட்டையைத் தட்டினாள். சூட்டில் பசை விட்டிருக்க வேண்டும். பின்னாலிருந்த உறை மொத்தமாக வழுக்கி அவள் உள்ளங்கையில் விழுந்தது.

‘அன்பு அண்ணன் குழந்தைராஜ் அவர்களுக்கு.’

இடது மூலையில்: ‘அனுப்புநர்: அமலி, பூம்புகார்.’

ஜாஸ்லின் உறையைத் திருப்பிப் பார்த்தாள். வாய் ஒட்டியது ஒட்டியபடி இருந்தது. ஓரங்கள் நாலும் முழுசு. அமுக்கிப் பார்த்தாள். உள்ளே ஏதோ விறைப்பாகத் தட்டுப்பட்டது.

அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. மழையில் நனைந்து முளைவிட்ட நெல் மூட்டைக்குள் கையை விட்டதுபோல் இருந்தது. அதே வெதுவெதுப்பு. அதே பிசுபிசுப்பு. அதே நாற்றம்.

அவள் தடித்தடியான மொழிபெயர்ப்பு நாவல்கள் படிப்பவள். பனி பெய்யும் ஊர்களில் எத்தனையோ கடிதங்களை அவள் பின்தொடர்ந்து போயிருக்கிறாள். ஒருத்தி கடிதத்தை மெழுகுவத்தியில் எரிப்பாள். ஒருவன் மார்போடு வைத்துச் செத்துப்போவான். ஒன்று இருபது வருஷம் தாமதமாகப் போய்ச் சேரும். ஆனால் தங்கையின் கடிதத்தை முத்திரைக்காக வைத்துக்கொண்டு, எழுத்தைக் கறுப்பு அட்டையால் மூடிய மனிதன் ஒருவன், எந்த தேசத்து எழுத்தாளனுக்கும் தோன்றவில்லை. அவன் மாயவரத்துக்கு ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தான். பெட்டியைச் சாய்க்காதே என்று சொல்லிக்கொண்டு.

“அப்பா.”

“நேராச்சா?”

“இது என்னப்பா?”

குழந்தைராஜ் திரும்பினார். மகளின் வெறுங்கையில் உறை இருப்பதைத்தான் முதலில் பார்த்தார். “ஐயோ, கை வேர்வை! கீழ வை, கீழ வை.”

“அத்தை ஒரு வரி எழுதினதில்லன்னு சொன்னீங்க.”

“மெதுவாப் பேசு.”

“ஒரு வரி எழுதினதில்லன்னீங்க. நாலு நாளைக்கு முன்னாடி. சோறு பிசைஞ்சுக்கிட்டே.”

“அது... அதைக் கடுதாசியா நெனைக்கல பாப்பா. அது ஒரு உறை. இதுமாதிரி இன்னொண்ணு கிடையாது, தெரியுமா?”

அறிவுச்செல்வன் ஓடி வந்தார். விஷயம் என்னவென்று கேட்கவில்லை. உறைக்கு என்ன ஆயிற்று என்றுதான் கேட்டார். “மடங்கிடுச்சா? குடும்மா, குடு. உனக்கு இதோட அருமை தெரியாது. உங்கப்பா அந்த வருஷம் மன்றத்துக்கு எடுத்துட்டு வந்தப்ப நாங்கதான் சொன்னோம், தயவு செஞ்சு பிரிச்சுடாதீங்கன்னு. இருபதாம் தேதியை முப்பதுன்னு அடிச்சானா, இல்ல ஜனவரி முப்பதுல மாசத்தை மாத்தி வச்சுட்டானா? பதினெட்டு வருஷமா பேசுறோம். இன்னும் முடிவாகல!”

“நான் இருபதும்பேன். சார் ஜனவரிம்பாங்க,” என்று பின்னாலிருந்து ஒரு நரைத்தலை.

“யோவ், நான்தான்யா இருபது. நீ ஜனவரி,” என்றார் அறிவுச்செல்வன்.

தஹ்மீனா தன் மீன்கொத்தித் தாளை மாட்டிக்கொண்டே, திரும்பாமல் சொன்னார்: “உள்ள இருக்கிற லெட்டர்ல தேதி போட்டிருப்பாங்களே சார்.”

பதினெட்டு வருஷம். பதினொரு பேர். பூதக்கண்ணாடி, அளவுகோல், அஞ்சலக விதிப்புத்தகம். மற்றவர் ஒருவருக்கும் இது தோன்றவில்லை என்பது அவர்கள் முகத்திலேயே தெரிந்தது.

“பிரிச்சா மதிப்புப் போயிடும்மா,” என்றார் அறிவுச்செல்வன்.

அந்த நேரம் பார்த்துத்தான் அம்மா பாத்திமா மேரி உள்ளே வந்தாள். இரண்டு கையிலும் தூக்குவாளி. மன்றத்துக்காரர்கள் அத்தனை பேருக்கும் எலுமிச்சம்பழ சாதம். வருஷா வருஷம் அவள்தான் செய்து, பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வருவாள். மகள் கையிலிருந்த உறையைப் பார்த்தாள். வாளிகளைப் பெஞ்சின்மேல் வைத்தாள்.

“இதைத் தபால்காரர்கிட்ட நான்தான் வாங்கினேன்,” என்றாள். குரல் உயரவில்லை. “நெல்லுப் பட்டியல் எழுதிட்டிருந்தீங்க. கையில குடுத்தேன். சாயங்காலம், ‘அமலி என்னங்க எழுதியிருக்கா’ன்னு கேட்டேன். என்ன சொன்னீங்க?”

குழந்தைராஜ் கறுப்பு அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“‘ஒண்ணுமில்ல’ன்னீங்க. நான் நம்பிட்டேன். ஒண்ணுமில்லாததுக்கா ஒருத்தி ஐந்து ரூபா தலை ஒட்டி அனுப்புவான்னு எனக்கும் தோணல பாருங்க.”

பிறகு அவள் கொண்டையிலிருந்து ஊசியை உருவினாள்.

“மேல் ஓரம் வேணாம்மா! சீல்ல படும்! இடது பக்கம், இடது பக்கம்!” என்று அறிவுச்செல்வன் பதறினார். பாத்திமா மேரி அவரைப் பார்க்கவே இல்லை. ஊசியை உறைக்குள் செருகி ஒரே இழுப்பு. கைக்குழந்தை கீழே விழுந்துவிட்டதுபோல் ஹாலில் பத்துப் பேரும் மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

“நீயே படிடி.”

நோட்டிலிருந்து கிழித்த ஒற்றைத் தாள். ஜாஸ்லின் உரக்கவே படித்தாள்.

‘அண்ணே, பொண்ணு பொறந்திருக்கு. உன் மூக்கு. மார்ச் 11 ஞாயித்துக்கிழமை ஞானஸ்நானம். நீதான் ஞானத்தகப்பனா நிக்கணும். எங்க ஆயர்கிட்ட கேட்டுட்டேன், சரின்னுட்டாரு. பேரும் நீயே வை. அதுவரைக்கும் பாப்பான்னுதான் கூப்பிடுறோம். உனக்கு எழுத நேரம் இருக்காதுன்னு தெரியும். உள்ள கார்டு வச்சிருக்கேன், விலாசம் எழுதியிருக்கேன். ஒரு டிக் மட்டும் போட்டுத் தபால்ல சேத்துடு. அது வரலைன்னா உனக்கு இன்னும் கோவம்னு எடுத்துக்கறேன். அமலி. 20-2-2007.’

கோயிலில் மணி அடிக்கிறவர். அன்னிக்கு வேற ஆளே கிடைக்கலையாம்.

நாலு நாளைக்கு முன்னால் அதைக் கேட்டுத் தானும் சிரித்தது ஜாஸ்லினுக்கு ஞாபகம் வந்தது.

“இருபது!” என்றார் அறிவுச்செல்வன். கை தானாக மேலே போயிருந்தது. “நான் அப்பவே சொன்னேன்ல? இருபதுதான்!”

தஹ்மீனா அவரைத் திரும்பிப் பார்த்தார். கை மெதுவாகக் கீழே இறங்கியது.

குழந்தைராஜ் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். தூக்குவாளி பக்கத்தில் இருந்ததால் எலுமிச்சை வாசனையில்தான் பேச ஆரம்பித்தார்.

“சாயங்காலம் பிரிக்கலாம்னுதான் வச்சேன். சத்தியமா. அப்பதான் முத்திரையைப் பார்த்தேன். ஞாயித்துக்கிழமை மன்றத்துல காட்டிட்டுப் பிரிக்கலாம்னு இருந்தேன். இவங்க வேணாம்னாங்க. ஒரு மாசம் போச்சு. ரெண்டு மாசம் போச்சு. அப்புறம் பிரிக்கப் பயமாயிடுச்சு பாப்பா. உள்ள என்னமோ கேட்டிருப்பா. நாள் கடந்துபோயிருக்கும். கடந்துபோனதைப் படிச்சு நான் என்ன பண்ணுவேன்? பிரிக்காத உறை, மதிப்பு ஜாஸ்தின்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.”

சட்டை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஜாஸ்லின் அந்த முகத்தைப் பார்த்தாள். அருவருப்பின் அடியில் எங்கோ ஒரு இடம் இளகப் பார்த்தது. வாய்க்காலில் மடை திறப்பதற்கு முன்னால் மண் லேசாக ஈரம் காட்டுமே, அப்படி.

உறைக்குள்ளிருந்த தபால் கார்டை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். ஒரு பக்கம் அத்தையின் விலாசம், அத்தையின் கையெழுத்திலேயே. மறுபக்கம் இரண்டு கட்டங்கள், ஸ்கேல் வைத்துப் போட்டவை. ஒன்றுக்கு எதிரே ‘வருவேன்’. இன்னொன்றுக்கு எதிரே ‘வரமாட்டேன்’.

அப்பா கார்டை வாங்கினார். விரல் நுனிகளால், ஓரத்தைப் பிடித்து. திருப்பினார். கண்ணுக்கருகே கொண்டுபோனார். வெளிச்சத்துக்கு நேரே தூக்கினார்.

“பரவால்லியே,” என்றார். “ஐம்பது பைசா கார்டு. இன்னிக்கும் செல்லும். அச்சு என்னமா பளிச்சுன்னு இருக்கு பாரு... வெயிலே படல.”

இளகிய இடம் மூடிக்கொண்டது.

“டிக் போடுங்கப்பா.”

“இப்பவா? இதுல எப்படி... அந்த ஞானஸ்நானம்லாம் முடிஞ்சு...”

“அத்தை கேட்டது ஒரு டிக். போடுங்க.”

பாத்திமா மேரி பேனாவை நீட்டினாள். குழந்தைராஜ் இரண்டு கட்டங்களையும் வெகுநேரம் பார்த்தார். ‘வருவேன்’ கட்டத்துக்குள், கோட்டைத் தாண்டாமல், அழகாக ஒரு டிக் போட்டார். ஊதி மையை உலர்த்தினார். வேறு ஒரு எழுத்தும் எழுதவில்லை.

ஜாஸ்லின் கார்டை வாங்கிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள். தெருமுனையில் ஒரு சிவப்புப் பெட்டி இருந்ததை வரும்போதே பார்த்திருந்தாள்.

“பாப்பா! பெட்டில போட்டுடாத! இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. நாளைக்குக் கவுண்டர்ல குடுத்து, சீல் தெளிவா விழச் சொல்லி வாங்கலாம். பெட்டில போட்டா அசிங்கம் பண்ணிடுவானுங்க!”

அவள் திரும்பவில்லை. அசிங்கம் என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்ததை நினைத்து ஒரு கசந்த சிரிப்பு மட்டும் வந்தது.

சிவப்புப் பெட்டியின் வாயருகே கை போன நேரம், போன் அடித்தது. புது நம்பர். பஸ் ஹாரன், இரைச்சல், நடுவே செம்மொழியின் குரல்.

“அக்கா! அம்மாகிட்ட சொல்லாம பண்றேன். பஸ்ல அவங்க முன்னாடி, நான் பின்னாடி சீட்டுல இருக்கேன். காலைல பேப்பர்ல கண்காட்சி நியூஸ் போட்டிருந்தானா? மாமா பேரு, 2007 பிப்ரவரி முப்பதுன்னு நம்ம ஊர் முத்திரை விழுந்த பிரிக்காத கவரு, எல்லாம் போட்டிருந்துச்சு. அம்மா அதையே பார்த்துட்டிருந்தாங்க. ‘இது என் கவருடி’ன்னாங்க. செருப்பைக் கூட மாத்திப் போட்டுக்கிட்டுக் கிளம்பிட்டாங்க. உங்க கல்யாணப் பத்திரிகையையும் எடுத்துக்கிட்டாங்க. கிழிக்கவா, என்னான்னு தெரியலக்கா.”

“எங்க வந்துட்டிருக்கீங்க?”

“கருவாழக்கரை எப்பவோ தாண்டியாச்சு. மாயவரத்துக்குள்ள வந்துட்டோம்.”

இன்னும் ஐந்தே நிமிஷம். ஜாஸ்லின் கார்டைப் பெட்டிக்குள் விடவில்லை. பைக்குள் வைத்தாள். இதற்கு இனி தபால்காரர் வேண்டாம்.

அப்பாவிடம் சொல்ல வேண்டும். வாசலில் கும்பிட்டபடியாவது நிற்கச் சொல்ல வேண்டும். ஓட்டமும் நடையுமாக ஹால் கதவுவரை வந்தவள், அங்கேயே நின்றாள்.

அம்மா ஒரு மூலையில் தனியாக உட்கார்ந்து அத்தையின் கடிதத்தைத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தாள். எலுமிச்சம்பழ சாதத்தை ஒருவரும் தொடவில்லை. ஒன்பதாம் தாளின் முன்னால் குழந்தைராஜ் மண்டியிட்டிருந்தார். கையில் இடுக்கி. வெற்று உறையைக் கறுப்பு அட்டைக்குப் பின்னால் நுழைத்து, முத்திரை சன்னலுக்கு நடுவில் வருமாறு அரை அங்குலம் இப்படி, கால் அங்குலம் அப்படி நகர்த்திக்கொண்டிருந்தார். ஊசி கிழித்த ஓரத்தைக் கட்டைவிரல் நகத்தால் நீவி, நீவி, ஒட்டியிருப்பதுபோல் ஆக்கினார். அறிவுச்செல்வன் பக்கத்தில் நின்று, “தெரியல... இப்ப சுத்தமாத் தெரியல,” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கீழே இருந்த வரி அப்படியே இருந்தது: ‘நிலை: பிரிக்கப்படாத உறை.’

தெருமுனையில் பூம்புகார் பஸ் ஒன்று திரும்பும் சத்தம் கேட்டது.